சைகஸ் மரம் மஞ்சளாகுதா? தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி எந்த இலைன்னு பாருங்க

நம்ம திருநெல்வேலில பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர் பக்கம் புதுசா வீடு கட்டுனவங்க வாசல்ல ரெண்டு பக்கமும் ரெண்டு சைகஸ் வச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. குட்டையா தடியா ஒரு தண்டு, தலையில வட்டமா விரிஞ்ச பச்சை ஓலை. வாங்கி வச்ச புதுசுல ஜம்முன்னு நிக்கும், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மஞ்சளாகும், நுனி கருகும், உடனே வீட்ல உள்ளவங்க வெயில் தாங்கலைன்னு நெனச்சு காலையில ஒரு குடம் சாயங்காலம் ஒரு குடம் ஊத்துவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு கூடை சாணி போடச் சொல்லுவாங்க, அதையும் போடுவாங்க, ஆறு மாசத்துல மரம் போயிரும். இப்படிப் போன மரம் நான் நெறைய பாத்துட்டேன். அதுல நல்லா வந்திருக்க வேண்டிய மரம்தான் கூடுதல், அதனாலதான் இதை எழுதுதேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கிடுங்க, சைகஸ் பனை இனமே கிடையாது. நர்சரில சாகோ பாம்னு சொல்லி விப்பாங்க, பாக்கவும் ஈச்சங்கன்னு மாதிரிதான் இருக்கும், ஆனா பனை தென்னை ஈச்சைக்கும் இதுக்கும் சொந்தம் ஒண்ணும் இல்ல. இது டைனோசர் காலத்துல இருந்து வர்ற ஒரு பழைய இனம், பூ பூக்காது, ஆண் மரம் தனி பெண் மரம் தனி, ஆணுக்கு நடுவுல மக்காச்சோளக் கதிர் மாதிரி ஒண்ணு நீளமா வரும், பெண்ணுக்கு சணல் நார் சுத்துன மாதிரி ஒரு கொண்டை வந்து அதுக்குள்ள ஆரஞ்சு கலர்ல கொட்டை இருக்கும். நம்ம வாசல்ல நிக்குறது ஜப்பானோட தெற்குத் தீவுகள்ல இருந்து வந்த வகை. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இதுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, நாட்டு மருந்துக் கடையில மதனகாமப்பூன்னு விக்காங்களே, அது அந்த மரத்தோட ஆண் கதிர்ல உள்ள செதில்தான்.

இந்த சொந்தக் கதை எதுக்குன்னா, தென்னைக்குப் பண்ணுற வைத்தியத்தை இதுக்குப் பண்ணக் கூடாது. தென்னைக்கு வட்டப் பாத்தி கட்டித் தண்ணியை நிறுத்துவோம், தூர்ல கல் உப்பு போடுவோம், வருஷம் முழுக்க ஒவ்வொரு மட்டையா வந்துக்கிட்டே இருக்கும். சைகஸ் அப்படி இல்ல. மாசக்கணக்குல ஒண்ணுமே நடக்காத மாதிரி சும்மா நிக்கும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, நல்லா இருந்தா ரெண்டு தடவை, நடுவுல இருந்து முப்பது நாப்பது இலை மொத்தமா ஒரே நேரத்துல கிளம்பி வரும். அதனால ஏதாவது தப்பு நடந்தா அது இலையில தெரியுறதுக்கே நாளாகும், நீங்க பண்ணுன வைத்தியத்துக்கு பதில் வர்றதுக்கும் அடுத்த குருத்து வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும். இந்தப் பொறுமை இல்லாமதான் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டு கெடுத்துருவோம்.

சரி, மரம் முன்னாடி போய் நில்லுங்க. கையுறை போட்டுக்கோங்க, இலை நுனி எல்லாம் ஊசி. முதல்ல தண்டைப் பெருவிரலால அமுக்கிப் பாருங்க, அடியில மண்ணை ஒட்டி ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, தலையில குருத்து இருக்குற எடத்துல ஒரு தடவை. தலையில பழுப்பு கலர்ல பூனை முடி மாதிரி மெத்துன்னு ஒரு போர்வை இருக்கும், அது மெத்துன்னு இருக்குறது சரிதான், அதுக்கு அடியில கட்டையா இருக்கணும். எல்லா எடமும் கல்லு மாதிரி இருந்தா மரம் உசுரோட இருக்கு, இலை மொத்தமும் காஞ்சிருந்தாக் கூட கவலை இல்ல, ஏன்னா இதுக்குத் தேவையான சாப்பாடு பூரா அந்தத் தண்டுலதான் மாவா சேத்து வச்சிருக்கும். எங்கயாவது பொதபொதன்னு அமுங்குச்சுன்னா அழுகல், அதைக் கீழ சொல்லுதேன்.

அடுத்து எந்த இலை கெட்டிருக்குன்னு பாருங்க. இதுதான் முக்கியம். கீழ்வட்டத்துல உள்ள பழைய இலையா, மேல்வட்டத்துல உள்ள புது இலையா?

கீழ்வட்டம் ஒண்ணு ரெண்டு இலை மஞ்சளாகி பழுத்துப் போனா அது வயசு, விட்டுருங்க. கீழ்வட்டம் மொத்தமும் ஓரம் பட்டையா மஞ்சளாகி நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சை நின்னுச்சுன்னா மெக்னீசியம் குறைச்சல், உரக்கடையில மெக்னீசியம் சல்பேட்டுன்னு கேட்டா கிடைக்கும், எப்சம் உப்புன்னும் சொல்லுவாங்க, மரத்தைச் சுத்தி ஒரு கைப்பிடி தூவி தண்ணி விட்டா போதும். அந்த மஞ்சள் இலையை அசிங்கமா இருக்குன்னு வெட்டாதீங்க, மரம் அந்தப் பழைய இலையில இருக்குற சத்தை உறிஞ்சிதான் புது இலைக்கு அனுப்பிக்கிட்டு இருக்கும், நீங்க வெட்டுனா அடுத்த வட்டத்துல இருந்து எடுக்க ஆரம்பிச்சுரும். முழுசா காஞ்சு பழுப்பான பிறகு வெட்டுங்க.

புது இலை மட்டும் கெட்டு பழைய இலை பச்சையா இருந்தா கதை வேற. இது எங்க வீட்லயே நடந்துச்சு. வீடு கட்டி மூணாவது வருஷம் குருத்து வந்துச்சு, நாங்க எல்லாரும் சந்தோஷமா பாத்துக்கிட்டு இருக்கோம், வந்த இலை பூரா வெளுத்த மஞ்சள்ல, பாதி விரிஞ்சு பாதி விரியாம, தீயில வாட்டுன முடி மாதிரி சுருண்டு முறுகி நின்னுச்சு. கீழ இருக்குற போன வருஷ இலை கரும்பச்சையில ஒரு குறையும் இல்லாம இருக்கு. இதுக்குக் காரணம் மாங்கனீசுங்கிற சத்து கிடைக்காதது. உரக்கடைக்குப் போய் மாங்கனீசு சல்பேட்டுன்னு தெளிவாத்தான் கேட்டேன், கடையில எடுத்துக் குடுத்தது மெக்னீசியம் சல்பேட், நானும் பாக்கெட்டைப் படிக்காம வாங்கிட்டு வந்து போட்டு, ஒரு வருஷம் காத்திருந்து, அடுத்த குருத்தும் அதே மாதிரி சுருண்டு வந்த பிறகுதான் பாக்கெட்டை எடுத்து வாசிச்சேன். ஒரு வருஷம் வீணாப் போச்சு. மாங்கனீசு வேற மெக்னீசியம் வேற, பாக்கெட்டு மேல எழுதியிருக்குறதை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு காசு குடுங்க.

மண்ணுல மாங்கனீசே இல்லாமயா போச்சுன்னு நானும் யோசிச்சேன். மரத்துல இருந்து ஒரு முழம் தள்ளி கடப்பாரையைப் போட்டு நெம்பிப் பாத்தா உள்ள சிமெண்டுப் பூச்சுக் கட்டி, உடைஞ்ச டைல்ஸ், செங்கத் துண்டு, காஞ்ச கலவை, ஒரு சாந்துச் சட்டி அளவுக்கு மேல வந்துச்சு. வீடு கட்டும்போது மிச்சத்தை எல்லாம் வாசல் குழியிலதான் தள்ளி மூடுவாங்க, அதுக்கு மேல ரெண்டு இஞ்சு செம்மண் போட்டு செடி வச்சிருவாங்க, எல்லா வீட்லயும் இதுதான் நடக்கு. சிமெண்டுல உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிரும், காரமான மண்ணுல மாங்கனீசும் இரும்பும் இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. போதாததுக்கு நம்ம ஊர் போர் தண்ணி வேற, குழாய் வாயில வெள்ளை படியுதுல்ல, அந்த உப்புத் தண்ணிதான் தினமும் அதுக்குப் போகுது. கங்கைகொண்டான், கயத்தாறு பக்கம் கரிசல்ல வச்சவங்களுக்கும் இந்தத் தொந்தரவு வரும்.

அதுக்கு நான் பண்ணது, சுத்திலும் உள்ள கட்டி கல்லை எல்லாம் வேரை அறுக்காம பொறுக்கி எடுத்துட்டு சரள் மண்ணும் நல்லா மக்குன தொழு உரமும் கலந்து நிரப்புனேன், மாங்கனீசு சல்பேட்டு ஐம்பது கிராம் இலை விரிஞ்சிருக்குற அகலத்துக்கு மண்ணுல தூவி தண்ணி விட்டேன், நாலு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் கரைச்சு இலை மேலயும் அடிச்சேன், மாசம் ஒரு தடவை, மூணு மாசம். உங்க மரம் ஆள் உயரம் இருந்தா மண்ணுல கொஞ்சம் கூட்டிப் போடலாம், தொட்டியில இருந்தா நல்லா குறைச்சுக்கோங்க. சுருண்டு போன இலை என்ன போட்டாலும் திரும்ப நிமிராது, அதை எதிர்பாக்காதீங்க, அடுத்த குருத்துலதான் தெரியும். எங்களுக்கு அடுத்த குருத்து தெளிவா வந்துச்சு, நுனியில மட்டும் லேசா மஞ்சள், அதுக்கடுத்தது முழுப் பச்சை.

இப்ப அழுகல். இது அக்கா வீட்டுக் கதை. 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் கொட்டுச்சு, தாமிரபரணி கரை தாண்டி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன்னு எல்லா எடமும் தண்ணி. அக்கா வீடு வண்ணார்பேட்டையில, ரெண்டு நாள் காம்பவுண்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, வடிஞ்ச பிறகு முழங்கால் மட்டும் வண்டல். வீட்டைக் கழுவி சாமான் செட்டைக் காய வைக்கவே ஒரு மாசம் ஆச்சு, மரத்தை யாரு பாப்பா? பொங்கல் கழிஞ்சு போனப்ப வாசல் சைகஸ் கீழ்வட்டம் மேல்வட்டம்னு கணக்கு இல்லாம மொத்தமா மங்கி வெளுத்து நின்னுச்சு. அத்தான் சொன்னாங்க, "மாப்ள, இது தேறாது, வெட்டிட்டு ஒரு செம்பருத்தி வைப்போம்"னு. அக்கா விடல. "ஏல, வீட்டுக்குப் பால் காய்ச்சுன அன்னைக்கு அப்பா கையால வச்ச மரம்ல, ஒரு வழி பாரு"ன்னா.

தண்டை அமுக்குனேன், மேல கல்லு, அடியில ஒரு பக்கம் மட்டும் பொதக்குன்னு உள்ள போச்சு. மோந்து பாத்தா புளிச்ச வாடை. இந்த நிலைமைக்கு வந்துட்டா மேல மருந்து ஊத்திப் பிரயோஜனம் இல்ல, மரத்தை வெளிய எடுக்கணும். எப்படின்னு வரிசையா சொல்லுதேன்.

இலை எல்லாத்தையும் முதல்லயே வெட்டிருங்க, பச்சையா இருந்தாலும் சரி. முன்னாடி மஞ்சள் இலையை வெட்டாதீங்கன்னு சொன்னேன்ல, அது வேர் நல்லா இருக்குற மரத்துக்கு. இங்க வேரே இல்ல, இலை இருந்தா தண்டுல இருக்குற ஈரத்தைத்தான் குடிச்சுக் காலி பண்ணும். அப்புறம் ஒரு முழம் தள்ளி சுத்தித் தோண்டி ரெண்டு ஆளா நெம்பி எடுங்க, அக்கா மரம் இடுப்பு உயரம்தான், அதுக்கே நானும் அத்தானும் மூச்சு வாங்கிட்டோம். தண்ணி அடிச்சுக் கழுவுங்க. நல்ல வேர் பழுப்பா கெட்டியா இருக்கும், செத்த வேர் கருப்பா இருக்கும், இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கையோட வந்து உள்ள ஒரு நார் மட்டும் நிக்கும். செத்ததை எல்லாம் வெட்டுங்க. தண்டுல பொதபொதன்னு இருக்குற எடத்தை சுத்தமான கத்தியால செதுக்கிக்கிட்டே போங்க, பழுப்பு போய், இளம்பழுப்பு போய், மரவள்ளிக் கிழங்கை வெட்டுனா தெரியுமே அந்த வெள்ளை வர்ற வரைக்கும். கொஞ்சம் பழுப்பை பாவம்னு விட்டுட்டா அங்க இருந்து திரும்ப ஆரம்பிக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை டெட்டால்லயோ ஸ்பிரிட்டுலயோ துடைச்சுக்கோங்க. அக்கா மரத்துல தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துச்சு. அக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா, ஒண்ணும் பேசல.

வெட்டுன எடத்துல காப்பர் ஆக்ஸி குளோரைடுங்கிற பூஞ்சை மருந்துப் பவுடரைத் தண்ணில கொழம்பாக் கரைச்சு பூசி, மழை படாத நிழல்ல, காத்தோட்டமா, பத்து நாள் சும்மா சாய்ச்சு வைங்க. பயப்படாதீங்க, காஞ்சு போகாது, வெட்டுக்காயம் காஞ்சு தோல் கட்டுனாத்தான் திரும்ப மண்ணுக்குள்ள வைக்க முடியும்.

திரும்ப வைக்கும்போது பழைய குழியில வைக்காதீங்க. கொஞ்சம் மேடு கட்டி, மண்ணு ஒரு பங்குன்னா மணலும் சின்னச் சல்லியும் சேந்து ரெண்டு பங்கு, உரம் ஒண்ணும் வேண்டாம், சாணி கிட்டயே கொண்டு போகாதீங்க. தண்டுல அடி கால்வாசி மட்டும் மண்ணுக்குள்ள, ஆடாம இருக்க கல்லை அண்டை குடுங்க. வச்ச அன்னைக்கு ஒரு தடவை தண்ணி, அப்புறம் மண்ணு நல்லாக் காஞ்ச பிறகுதான் அடுத்தது. நாங்க மாசி பொறந்து வச்சோம். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, மொட்டைக் கட்டையா நின்னுச்சு, அத்தான் ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் அதைப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க. ஆவணியில அக்கா காலையில ஏழு மணிக்கு போன் பண்ணுனா, நடுவுல இருக்குற அந்தப் பூனை முடி பிளந்து உள்ள வெள்ளையும் பச்சையுமா சுருள் சுருளா தெரியுதுன்னு. பதினோரு இலை வந்துச்சு. முன்ன நாப்பது வந்த மரத்துக்கு பதினொண்ணுதான், ஆனா ஒவ்வொண்ணும் பச்சை.

வெள்ளமே வராம அழுகுறதுக்குக் காரணம் பெரும்பாலும் நம்ம கை தண்ணிதான். விளக்குமாத்துக் குச்சி ஒண்ணு எடுத்து மண்ணுக்குள்ள நாலு விரக்கடை குத்தி வச்சு கொஞ்ச நேரம் கழிச்சு உருவிப் பாருங்க, மண்ணு ஈரமா ஒட்டிட்டு வந்தா அன்னைக்குத் தண்ணி வேண்டாம். தரையில வேர் புடிச்ச மரத்துக்கு கத்திரி வெயில்லயே வாரம் ஒரு தடவை நல்லா நனைய விட்டா போதும், ஐப்பசி கார்த்திகையில நாம ஊத்தவே வேண்டாம். தலையில ஊத்தாதீங்க, தூர்ல மண்ணைக் குமிச்சு வைக்காதீங்க.

மண்ணைக் கிளறும்போது மேலாப்புல பவளம் மாதிரி முடிச்சு முடிச்சா, மண்ணுக்கு மேல் நோக்கி வளந்த வேர் தெரியும், நோவுன்னு நெனச்சு அதை வெட்டிறாதீங்க. அதுக்குள்ள நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காத்துல இருக்குற நைட்ரஜனை மரத்துக்குப் புடிச்சுக் குடுக்குது. யூரியாவை அள்ளிப் போட வேண்டிய அவசியம் இல்லாததுக்கு அதுதான் ஒரு காரணம். குறுக்க வெட்டிப் பாத்தா உள்ள ஒரு பச்சை வளையம் தெரியும், ஒரே ஒரு துண்டு மட்டும் நறுக்கி பிள்ளைகளுக்குக் காட்டுங்க, பெரிய பாடம் அது.

பூச்சியில ரெண்டைத்தான் நம்ம ஊர்ல கவனிக்கணும். ஒண்ணு செதில் பூச்சி, இலைக்கு அடியில தேங்காத் துருவல் தூவுன மாதிரி வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கும், மேல இருந்து பாத்தா இலை மஞ்சள் புள்ளியாத்தான் தெரியும். இதை லேசா எடுக்காதீங்க, குவாம் தீவுல 2003ல இந்த மாதிரி ஒரு செதில் பூச்சி நுழைஞ்சு அங்க காட்டுல நின்ன சைகஸ் மரங்களை கூட்டம் கூட்டமா அழிச்சிருக்கு. ரொம்ப மோசமான இலையை வெட்டி எரிச்சுட்டு, மத்த இலையோட அடிப்பக்கம் தண்ணியைப் பீச்சி அடிங்க, ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கூட ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கணும், வாரம் ஒரு தடவை நாலஞ்சு வாரம். செத்த பூச்சியும் இலையில ஒட்டிக்கிட்டேதான் இருக்கும், அதனால வெள்ளை போகலையேன்னு ஏமாறாதீங்க, நகத்தால சுரண்டிப் பாருங்க, பிசுபிசுன்னு ஈரம் இருந்தா உசுரோட இருக்கு, பொடியா உதுந்தா செத்தது.

இன்னொண்ணு ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி, கட்டை விரல் நகம் அகலம்தான் இருக்கும். சைகஸ் குருத்து எப்ப கிளம்பும்னு அதுக்கு எப்படித்தான் தெரியுமோ, சுருள் வெளிய தெரிஞ்ச உடனே வந்து முட்டை வச்சிரும். புழு இளம்பச்சையா இருக்குறதால குருத்துல கண்ணுக்கே தெரியாது, நாலஞ்சு நாள்ல வருஷம் பூரா காத்திருந்த குருத்தை ஈர்க்கு மட்டும் மிச்சம் வச்சு தின்னுட்டுப் போயிரும். இதைக் கண்டுபுடிக்க எறும்பைப் பாருங்க. இந்தப் புழு ஒரு இனிப்புத் தண்ணி சுரக்கும், அதுக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், குருத்துல எறும்பு ஏறி இறங்குனா புழு இருக்குன்னு அர்த்தம். இதுக்கு விஷ மருந்து வேண்டாம், பழைய கொசுவலையை ஒரு முழம் வெட்டி, குருத்து வெளிய வந்த அன்னைக்கே தளர்வா மூடி அடியில கட்டிருங்க, இலை விரிஞ்சு முத்தி தொட்டா விறைப்பா இருக்குற வரைக்கும், ஒரு மாசம் போல விட்டுட்டு கழட்டுங்க, முத்துன இலையை அது தொடாது. குருத்து இளசா இருக்கும்போது மரத்தை எடம் மாத்துறதும் கூடாது, கை வச்சுப் பாக்குறதும் கூடாது, வளைஞ்ச இலை வளைஞ்ச மாதிரியே முத்திரும்.

புது இலை பச்சையா இருந்தும் நெட்டையா நோஞ்சானா தொங்குனா வெளிச்சம் பத்தல, போர்ட்டிகோவுக்கு உள்ள தள்ளி வச்சிருப்பீங்க. நர்சரி நிழல் வலைக்கு அடியில இருந்து வாங்கிட்டு வந்து நேரா சித்திரை வெயில்ல வச்சா வெளுத்துக் கருகும், அது நோவு இல்ல, தீப்புண்ணு, கொஞ்சம் கொஞ்சமா வெயில்ல பழக்குங்க.

இன்னொண்ணும் கண்டிப்பா சொல்லணும். இந்த மரம் வேர்ல இருந்து கொட்டை வரைக்கும் விஷம், கொட்டைதான் எல்லாத்தையும் விட மோசம். நாய் கடிச்சு விளையாடி ஈரல் கெட்டு செத்துப் போகும், ஆடு மாடும் அப்படித்தான். வெட்டுன இலையையும் செதுக்குன சக்கையையும் தெருவுல போடாதீங்க, மாடு வந்து வாய் வைக்கும், குழி தோண்டி மூடுங்க. ஆரஞ்சு கொட்டையைப் பிள்ளைங்க பொறுக்கி விளையாடுற எடத்துல விடாதீங்க. நாய் தின்னது தெரிஞ்சா வாந்தி எடுக்கட்டும் பாப்போம்னு வீட்ல இருக்காதீங்க, அந்த நிமிஷமே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

அழுகல் மரத்தை எடுக்கும்போது தண்டுல ஒட்டி சின்னக் குட்டி ஏதாவது இருந்தா அதையும் பிரிச்சு வச்சுக்கோங்க, தாய் தேறலைன்னாலும் வம்சம் நிக்கும். தேங்காய் அளவுக்கு இருந்தா நல்லது, ஒட்டுன எடத்துல உளியை வச்சுத் தட்டிப் பிரிச்சு, அதோட இலையை எல்லாம் வெட்டி, ஒரு வாரம் நிழல்ல காய வச்சு, பாதி மணலுக்குள்ள பாதி வெளிய நிக்குற மாதிரி தொட்டியில வைங்க. வேர் விடவே அஞ்சாறு மாசம் எடுக்கும், தினமும் ஆட்டிப் பாக்காதீங்க. அக்கா மரத்துல இருந்து அன்னைக்கு மூணு குட்டி கிடைச்சுச்சு, ஒண்ணு அழுகிருச்சு, ஒண்ணு அக்கா வீட்டு மாடியில நிக்கு, ஒண்ணு எங்க வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்துல தொட்டியில. அதுல இப்ப சாண் உயரத்துல மூணு இலை கிளம்பி வந்திருக்கு, காலையில பாத்தப்ப தொட்டி விளிம்புல ரெண்டு எறும்பு ஊர்ந்துச்சு, உடனே கொசுவலையை வெட்டிக் கட்டிட்டேன்.